அவள் பேரில் இருந்த சந்தா

அந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகம் பூண்டு உரித்துக்கொண்டே எங்கள் கிளவுட் கணக்கைத் திறந்தாள். தலையில் இருக்கும் நினைவுகளை வாரம் ஒருமுறை அதில் ஏற்றிவிடுவோம்; ஏற்றியது அப்புறம் தலையில் தங்காது. அவள் பேரில் ஒரு சந்தா, என் பேரில் ஒன்று.

“ஏங்க, நம்ம கல்யாணம், குற்றாலம், இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுனது எல்லாம் ரெண்டுலயும் கெடக்கு. நடந்தது ஒண்ணுதான, எதுக்கு ரெண்டு எடத்துல? உங்களதுல அழிச்சிரட்டுமா?”

“அப்புறம் எனக்கு?”

“உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருந்துச்சு? எங்கிட்டதான கேப்பீங்க.”

சிரித்துக்கொண்டே சம்மதித்தேன்.

வியாழக்கிழமை அவள் இறந்துபோனாள். விதிப்படி அவள் சந்தா அன்றே மூடப்பட்டு, அதில் இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டது.

“உங்க சந்தா பத்திரமா இருக்கு சார்” என்றார் சேவை மையத்துப் பெண்.

இருக்கிறது. மஸ்கட்டில் தனியாக இருந்த இரண்டு வருடம் இருக்கிறது. கோவில்பட்டி ரயில் நிலையத்தில் அவளுக்காகக் காத்திருந்த மாலைகள் இருக்கின்றன, ரயில் வந்து நிற்கும் வரை.

அந்தக் கடைசி வாரத்தை மட்டும் கணக்கில் ஏற்றாமல் தலையிலேயே வைத்திருக்கிறேன்.

எப்போது வந்த பழக்கமோ தெரியவில்லை, கட்டிலில் இன்றும் சுவரோரமாக ஒடுங்கித்தான் படுக்கிறேன்.