எதிரெதிர் திசையில்

கணக்கு டீச்சர் ஜெசிந்தா, சென்னையில் பரீட்சைத்தாள் திருத்திவிட்டுத் தூத்துக்குடிக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தாள். கப்பலில் சேரச் சொல்லித் திடீர் அழைப்பு வந்ததால் அவள் கணவன் லூர்து, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறியிருந்தான். இனி ஒரு வருஷம் அவனுக்குக் கடல்தான்.

"ஏங்க, நம்ம ரெண்டு ரயிலும் நடுவுல எங்கயாவது தாண்டும்லா!" என்று போனில் கத்தினாள்.

இடையிலுள்ள தூரத்தையும் வேகங்களையும் அவன் போனிலேயே பார்த்துச் சொல்ல, வகுப்பில் சொல்வதுபோலவே அவள் கணக்கைச் சத்தமாகப் போட்டாள்.

"ஒரே திசைன்னா வேகத்தைக் கழிக்கணும். இது எதிரெதிர் திசை, அதனால கூட்டணும். தூரத்தை அதால வகுத்தா... யம்மா, இன்னும் ஆறே நிமிஷம்! கதவுக்கு வாங்க!"

"அடுத்த தண்டவாளம் எனக்கு சோத்தாங்கைப் பக்கம் தெரியுது."

"அப்ப எதிர்ல வர்ற எனக்கு இடது பக்கம்!"

போனில் சிக்னல் போய்விட்டது. இடப்பக்கக் கதவைத் திறந்தாள். வெளியே வெறும் கருவேலங்காடு. தண்டவாளமே இல்லை. எதிரெதிரே வரும் இரண்டு பேர் கைகொடுத்தால், இரண்டு பேருமே சோத்தாங்கையைத்தானே நீட்டுவார்கள்! பாய்ந்துபோய் மறுபக்கக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். தூரத்தில் ஹாரன் கேட்டது.

கதவோரம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்தார். "ஏம்மா, இறங்கவா போற?"

"இல்லண்ணே," என்றாள், கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு. "விடை வருது!"