தொட்டி மாற்றம்

"மெதுவாடி! தொட்டாலே உதிர்ந்துடும்" என்றாள் மாமியார்.

மருமகள் மருத்துவமனையில் இரவு டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவக்கூட விடாமல், ஜன்னலில் தொங்கிய செடியை இறக்கச் சொல்லி, பால்கனியில் பழைய பேப்பரை விரித்து உட்கார வைத்துவிட்டாள் மாமியார். பச்சை மணிகளைக் கோத்த மாதிரி இழை இழையாகத் தொங்கும் செடி. பாதி இழைகள் சுருங்கிப் போயிருந்தன.

"கண்ணு எரியுது அத்தை. சாயங்காலம் பண்ணக் கூடாதா?"

"இன்னிக்கு நீ படுத்தா மட்டும் தூங்கிடுவியாக்கும்! இதுக்குத் தினமும் தண்ணி ஊத்தினியா?"

"வாடிப் போச்சேன்னு ஊத்தினேன்."

"நல்லா ஊத்தினே போ! வேரைப் பாரு, கூழாக் கிடக்கு."

தொட்டியைக் கவிழ்த்ததும் ஈர மண் மாமியாரின் மடியில் சரிந்தது.

"ஐயோ, புதுப் புடவை!"

"புடவை கிடக்கு. கத்திரிக்கோலை எடு."

அழுகிய வேர்களை நறுக்கி எறிந்தாள். மணல் கலந்த மண்ணைப் புதுத் தொட்டியில் நிரப்பினாள். பிழைத்த இழைகளைச் சுருட்டி மண்மேல் படுக்கவைத்து, மருமகளின் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அவை நகராமல் குத்தினாள்.

"இப்படி வெச்சா வேர் விடுமா?"

"விடும். கொஞ்ச நாளைக்குத் தண்ணி காட்டாதே. தொட்டுத் தொட்டுப் பாக்காதே. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மருமகள் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?"

"பசிக்கலை."

"பசிக்கலையாம்! அடுப்புல சூப் வெச்சிருக்கேன். குடிச்சிட்டுப் படு."

அழைப்பு மணி அடித்தது. மாமியாரே போய்க் கதவைத் திறந்தாள். கார் டிரைவர் வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தான்.

"அம்மா, நீங்க இங்கேதான் இருப்பீங்கன்னு உங்க பையன் சொன்னார். மண்டபத்துல எல்லாரும் காத்திட்டிருக்காங்க. மாப்பிள்ளையோட அம்மா இல்லாம எப்படிம்மா கல்யாணம் நடக்கும்?"

மாமியார் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டாவது தடவையா மாப்பிள்ளை ஆகறவனுக்கு அங்கே ஊரே துணை இருக்கு. என் மருமகளுக்கு இன்னிக்கு யாரு இருக்கான்னு அவன்கிட்டயே கேளு!"