மூன்றாவது சக்கரம்

எழுபத்தோராம் வருஷத்துக் கார்த்திகை. காலையில் தந்தி வந்ததிலிருந்து காளிச்சாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் விமானப்படை மெக்கானிக். போர் மூளும் என்று, விடுப்பு முடியுமுன்பே திரும்ப அழைக்கிறார்கள். பெட்டியைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான், மறுபடி கட்டுகிறான். கடைசியில் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, பாதியில் நிற்கும் ஹண்டர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியைக் கையில் எடுக்கிறான். உள்ளங்கையளவு ஜெட். இரண்டு சக்கரங்கள் ஒட்டியாயிற்று. மூன்றாவது மிளகளவுதான், விரலில் நிற்காமல் அது நழுவுகிறது. பசையின் நெடி அறை முழுக்க ஏறுகிறது. கோபாலபுரம் செக்போஸ்டில் பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடிக்கிறது.

“ஏனுங்க, அதைய அப்படியே வெச்சுப்போட்டுக் கெளம்புங்க,” என்கிறாள் மனைவி சுப்பாத்தாள்.

“சக்கரம் ஒட்டலையே, புள்ள.”

“சக்கரமில்லாட்டி எறங்க முடியாதுங்களா?”

அவன் அவளைப் பக்கத்தில் உட்காரவைக்கிறான். பிறகு சக்கரத்தைப் பொருத்தி, அவள் விரலை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்துகிறான். “காயற வரைக்கும் உட்றாதே.” பெட்டியோடு வரப்பில் இறங்கி ஓடுகிறான். வாசலுக்குப் போய்ப் பார்க்க அவள் கால்கள் துடிக்கின்றன. பஸ் கிளம்பும் சத்தம் கேட்கிறது. தென்னந்தோப்புகளுக்கு அப்பால் தேய்ந்து அடங்குகிறது. பசை எப்போதோ காய்ந்திருக்கும். அவள் விரலை எடுக்கவில்லை.