மூன்றாவது கேமரா

"இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்க. இவ முகம் நல்லாத் தெரியணும்."

ஏணியில் நின்றிருந்த கேமராக்காரர் திருகாணியைத் தளர்த்தினார். கீழே நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மாமியார் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மருமகளின் முகம் தெரிந்தது. கடுகடுவென்று இருந்தது.

வாசலுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று என்று இரண்டு கேமரா மாட்டும்வரை மருமகள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதை ஹாலுக்குள் கொண்டு வந்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"திருடன் வெளியிலேருந்துதானே வருவான், அத்தை? உள்ளே எதுக்கு?"

"எது எங்கே நடக்கும்னு எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு."

சோபாவில் சாய்ந்திருந்த அவள் கணவன் சிரித்தான். "அம்மா ஊர்ல உக்காந்துகிட்டே உன்னைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. இனிமே உன் ஆட்டமெல்லாம் அடங்கிடும்."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாமியார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதே கிடையாது. மருமகள் வீடு தங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள் என்று மகன் போனில் ஓதி ஓதி ஏற்றி வைத்திருந்தான். போன மாதம் மகனும் மருமகளும் ஊருக்குப் போயிருந்தபோது அவளுடைய வீங்கிய மணிக்கட்டை மாமியார் பார்த்துவிட்டாள்.

"எங்கேயோ பராக்குப் பாத்துக்கிட்டுப் போய் விழுந்துட்டா" என்றான் மகன். மருமகள் மறுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான், உங்கள் வீட்டில் கேமரா போட்டே ஆகவேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றாள்.

"பேசுறதும் கேக்குமா?" என்று கேமராக்காரரிடம் கேட்டாள்.

"தெளிவாக் கேக்கும்மா. நீங்க பேசினா இங்கேயும் கேக்கும். முப்பது நாள் வரைக்கும் பதிவு இருக்கும்."

"பாஸ்வேர்டை எனக்கும் அனுப்பிடுங்க" என்றான் மகன்.

"உனக்கெதுக்கு? இவ ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா நீ எல்லாத்தையும் அழிச்சுடுவே. அது என்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

அம்மாவின் சாமர்த்தியத்தை மெச்சுவதுபோல் அவன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மாமியார் கிளம்பும்போது மருமகள் வாசல்வரை வந்தாள். "என்மேல இவ்வளவு சந்தேகம்னா என்னை எங்க வீட்டுக்கே அனுப்பிடுங்க, அத்தை."

"முதல்ல பாக்குறேன். அப்புறம் முடிவு பண்றேன்" என்றாள் மாமியார், செருப்பை மாட்டிக்கொண்டே. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மருமகளுக்கு வீடு வீடாக இல்லை. துணி மடித்தாலும் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கிழட்டுக் கண் உச்சந்தலையில் குத்தியது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேமராவின் மேல் துண்டைத் தூக்கிப் போட்டாள். இரண்டே நிமிடத்தில் போன் அடித்தது.

"துண்டை எடு. அந்த அலமாரியையும் ஓரமாத் தள்ளு, பாதி ஹாலை மறைக்குது."

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அலமாரியைத் தள்ளும்போது அவளுக்கு வந்த கோபத்தில் அதை உடைத்தே போட்டிருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் அவளை அடித்தான். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்பது காரணம். காரணம் கிடைக்காத நாளிலும் அவன் அடிப்பான். அம்மா தன் பக்கம் என்ற தைரியத்தில் கேமராவை அவன் சட்டை செய்யவே இல்லை. சுவரோரம் சரிந்தவள் அண்ணாந்து பார்த்தாள். கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மாமியார் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் பார்த்திருப்பாள், ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவன் தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றான்?"

"ஆறரைக்கு."

"சரி."

அவ்வளவுதான். அடி வலித்ததைவிட அந்தச் 'சரி' அதிகமாக வலித்தது. பெற்றவளும் பிள்ளையும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இனி யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று தீர்மானித்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் வந்ததும் வராததுமாகக் குரலை உயர்த்தினான். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரத் தாமதமாகிவிட்டதாம். இந்தமுறை அவள் தலையைக் குனியவில்லை.

"என்மேல கை வெச்சா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"போயிடுவியா? எங்கே, போ பாக்கலாம்." அவள் கையைப் பிடித்து முறுக்கினான். அவள் வலியில் மடங்கி முழங்காலிட, அவன் கேமராவை நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, உங்க மருமக பேசுற பேச்சை நீங்களே பாத்துக்கோங்க."

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்" என்றது மேலேயிருந்து மாமியாரின் குரல். "புதன்கிழமையும் பாத்தேன்."

"கேட்டியா?" என்று அவன் அவளிடம் இளித்தான்.

கேமரா மறுபடியும் பேசியது. இந்தமுறை அவளிடம்.

"அவன் கையை உதறிட்டு வந்து கதவைத் திறம்மா, போலீசோட வாசல்ல நிக்கிறேன்."