மாடி அறை திறக்கும் நாள்

"ஆம்பளைங்க கேரம் ஆடுற அறைக்கு வராத காய்ச்சல், பொம்பளைங்க தையல் படிக்கிற அறைக்கு மட்டும் எப்படி வரும்?"

அண்ணாதுரை மேசையைத் தட்டினான். சிங்கப்பூர் தேக்காவில் இருந்த அந்தத் தமிழர் சங்கத்தின் செயற்குழுவில் அவன்தான் இளையவன்.

தலைவர் அழகப்பன் அசையவில்லை. "கீழ காத்தோட்டம் இருக்கு. மாடியில இல்ல."

"போன மாசம் மழை ஈரம்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின மாசம் குழந்தைங்களுக்கு ஒட்டிக்கும்னு சொன்னீங்க."

"இந்த மாசம் காத்தோட்டம்," என்றார் தலைவர்.

உறுப்பினர்கள் சிரித்தார்கள். அண்ணாதுரைக்கு இன்னும் சூடேறியது.

மே மாதம் ஃப்ளூ காய்ச்சல் ஊரையே படுக்க வைத்தபோது சங்கத்தைப் பூட்டினார்கள். இப்போது செப்டம்பர் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. சினிமாக் கொட்டகையில் இடம் கிடைப்பதில்லை. சங்கத்திலும் கீழ்த்தளம் திறந்தாகிவிட்டது. மாடியில் நடந்த பெண்கள் தையல் வகுப்பு மட்டும் பூட்டியே கிடந்தது.

"கேலாங்கிலேருந்து பஸ் ஏறி வந்து சொல்லிக் கொடுத்தாங்களே சம்சுன்னிசா டீச்சர், அவங்க பிழைப்பு என்ன ஆகும்? அதை யோசிச்சீங்களா, ஐயா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சவர் பேசுற பேச்சா இது? பொம்பளைங்க நாலு எழுத்து, நாலு தையல் படிச்சா உங்களுக்குப் பொறுக்கல. காய்ச்சல் ஒரு சாக்கு."

அழகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

செயலாளர் சுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். "தம்பி சொல்றதுதான் நியாயம். திங்கட்கிழமை திறந்துடலாம். ஆனா திறந்த அன்னிக்கே வகுப்பு நடக்கணும். டீச்சர் வரலேன்னா நம்ம கொழுந்தியா சரஸ்வதி இருக்கா. அவளையே போட்டுடுவோம்."

கை தூக்கச் சொன்னார்கள். தலைவரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள்.

"அவசரப்படுறீங்க," என்றார் அழகப்பன். முகம் வாடியிருந்தது.

தோற்றவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அண்ணாதுரை நினைத்துக்கொண்டான். மறுநாள் காலையிலேயே, டீச்சரிடம் நல்ல சேதியைத் தானே சொல்ல வேண்டும் என்று கேலாங்குக்கு பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை மாலை மாடி அறை கலகலத்தது. பெண்கள் வந்து மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சம்சுன்னிசாவைக் காணவில்லை. சரஸ்வதி புதுக் கத்தரிக்கோலுடன் காத்திருந்தாள்.

"டீச்சர் வரல. பாத்துக்கிட்டீங்கல்ல?" சுப்பிரமணியம் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "சரசு, நீ ஆரம்பிம்மா."

அப்போதுதான் அண்ணாதுரை படியேறி வந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. கண் சிவந்திருந்தது. மூக்கிலிருந்து நீர் வடிந்தது.

"என்ன தம்பி, உடம்புக்கு என்ன?"

பதிலுக்குத் தும்மினான். முதல் மெஷின் மேல் ஒன்று. இரண்டாவது மெஷின் மேல் இரண்டு. சரஸ்வதியின் கத்தரிக்கோல் பக்கம் திரும்பி இன்னொன்று.

"நேத்திலேருந்து உடம்பெல்லாம் அனலா கொதிக்குது. அதே காய்ச்சல்தான் போல."

"ஐயையோ!" முதல் மெஷினில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா தன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னாலேயே படியில் தடதடவென்று எல்லாரும் இறங்கினார்கள். சரஸ்வதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எல்லாரையும் முந்திப் போனாள்.

சுப்பிரமணியம் கத்தினார். "திறக்கச் சொன்னவன் நீதானேடா!"

"அது சனிக்கிழமை, அண்ணே. அப்ப எனக்கு நல்லா இருந்துச்சு."

அழகப்பன் சாவியை எடுத்தார். "மெஷினையெல்லாம் மருந்து போட்டுத் துடைக்கணும். ரெண்டு வாரத்துக்கு மாடி பூட்டு. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

ஆட்சேபம் சொல்ல வாய் திறந்த சுப்பிரமணியத்தின் பக்கம் அண்ணாதுரை திரும்பினான். அவர் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

இருவரும் தனியானார்கள். தலைவர் கதவைப் பூட்டினார்.

"கேலாங் போனியா?"

"போனேன், ஐயா. டீச்சரைப் பாக்க முடியல. அவங்க அண்ணன் ஹனீபா வாசல்லயே உட்கார வச்சு எல்லாம் சொன்னார். டீச்சரோட வீட்டுக்காரர், கப்பல்ல சமையலுக்குப் போனவர், மே மாசமே தவறிட்டாராம். டீச்சர் இத்தாவில இருக்காங்களாம். நாலு மாசம் பத்து நாளைக்கு வீட்டை விட்டு வெளிய வரக் கூடாதாம். முடிய இன்னும் மூணு வாரம் இருக்காம்."

"கப்பல் கம்பெனியிலேருந்து அந்தச் சேதியைக் கொண்டு போனவனே நான்தான்."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே, ஐயா. உங்களை என்னென்னவோ பேசிட்டேன்."

"சொல்லியிருந்தா எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருந்திருப்போம். உட்கார்ந்ததும் சரஸ்வதியைப் போட்டிருப்போம். வகுப்பே நடக்கலேன்னா அந்த அம்மா இடத்துக்கு எவனும் ஆள் தேட முடியாதுல்ல?"

அண்ணாதுரை தலை குனிந்தான்.

"அது போகட்டும். நடிப்புன்னு தெரியுது. ஆனா தும்மல் மட்டும் அசலா இருந்துச்சே, எப்படி?"

"ஹனீபா அண்ணன்தான் மூக்குப்பொடி குடுத்து அனுப்பினார்."

அழகப்பன் கையை நீட்டினார்.

"மிச்சத்தை இப்படிக் குடு. மூணாவது வாரத்துக்கு நான் தும்மணும்."