இரட்டை வேகம்

கொச்சியில் ஜெர்மன் மொழித் தேர்வு மையத்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள் நர்ஸ் ரெஜிமோள். ஐந்தாவது முறையாகப் பேச்சுத் தேர்வில் ஃபெயில். ஜெர்மன் ஆஸ்பத்திரி கொடுத்த வேலைக் கடிதம் இந்த மாதத்தோடு காலாவதி.

“அழாதீங்க சேச்சி” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அனீட்டா. அவளுக்கு முதல் தடவையிலேயே பாஸ்.

“எல்லாம் தெரியும் மோளே. எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தா போதும், நாக்கு ஒட்டிக்குது. செத்துப் போயிடலாம்னு இருக்கு.”

“சும்மா இருங்க! நானும் அப்படித்தான் இருந்தேன். ஆன்லைன்ல ‘பயமில்லாத ஜெர்மன்’னு ஒரு கோர்ஸ். அந்த டீச்சர்தான் என்னைக் கரையேத்தினாங்க. முகமே காட்ட மாட்டாங்க, குரல் மட்டுந்தான். பஸ்ல போகும்போதே எல்லாப் பாடத்தையும் டபுள் ஸ்பீடுல கேட்டு முடிச்சிட்டேன். நீங்களும் சேருங்க.”

ரெஜிமோள் தலையைக் குனிந்துகொண்டாள். “வேண்டாம் மோளே.”

“ஒரே நிமிஷம் கேளுங்க. அவங்க ஜெர்மனியில செட்டிலானவங்க, தெரியுமா?”

அனீட்டா வேகத்தைக் குறைத்து, இயர்போனை அவள் காதில் செருகினாள்.

“பயம் வந்தால், எதிரில் இருப்பவரைச் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்...”

குரலுக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது.

பதிவுசெய்த அன்றே அந்த விசிலை வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள் ரெஜிமோள்.