பெட்டிக்குள் வைத்த காவல்

“மூணு நாளும் பச்சையாத்தான் இருந்துச்சு விஷால். என் கண்ணால பார்த்தேன். பச்சை!”

ஜெஸ்ஸி இதையே சொல்லிச் சொல்லி அழுதாள். விஷால் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவன். கல்லூரித் தோழி போனில் கதறியதும், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கில் ஓடி வந்திருந்தான்.

நெம்மேலிக்குத் தெற்கே அந்த மீனவக் குப்பத்தில் தகவல் மையம் என்பது ஒற்றை அறைதான். உள்ளே ஒரு கணினி, கூரைமேல் ஒரு ஸ்பீக்கர். தலைமை அலுவலகத்திலிருந்து கடல் நிலவரம் தினமும் கணினிக்கு வரும். அதைச் சாயங்காலம் ஜெஸ்ஸி ஸ்பீக்கரில் படிப்பாள். அவள் குரலை நம்பித்தான் மறுநாள் விடியலில் குப்பம் கடலுக்குப் போகும்.

முந்தாநாள் ‘கடல் அமைதி’ என்று படித்தாள். நேற்று விடிந்ததும் பேய்க்காற்று. போன படகுகளும் கட்டுமரங்களும் அலறியடித்துக்கொண்டு பாதியில் திரும்பின. தனியாகக் கட்டுமரத்தில் போன நீலமேகம் மட்டும் வரவில்லை. இன்று காலை சதுரங்கப்பட்டினம் பக்கம் அவர் உடல் கரை ஒதுங்கியது.

“கிடைச்சிடுச்சு,” என்றான் விஷால். “வெளியேர்ந்து வர்ற லைன் மூணு நாளா கட். கம்ப்யூட்டர் பழைய நிலவரத்தையே புதுத் தேதி போட்டுக் காட்டியிருக்கு.”

“அப்படி ஆனா சிவப்பு காட்டத்தானே அந்தக் கண்காணிப்பு டூலைப் போட்டேன்?”

“எங்க போட்ட?”

“கன்டெய்னருக்குள்ள. நிலவரம் இருக்கிற அதே கன்டெய்னர்தான்.”

விஷால் தலையில் கை வைத்துக்கொண்டான். கன்டெய்னர் என்பது கணினிக்குள்ளேயே மென்பொருளால் தடுத்துக் கட்டிய தனி அறை. உள்ளே இருப்பதற்கு உள்ளே நடப்பது மட்டும்தான் தெரியும்.

“வெளிய, வேற மெஷின்ல போடுன்னு அப்பவே சொன்னேனே ஜெஸ்ஸி! உள்ள உட்கார்ந்துகிட்டு அது எதைப் பார்க்கும்? நிலவரப் பக்கம் திறக்குதா? திறக்குது. அப்போ பச்சை. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்தே மழை இல்லைன்னு சொல்ற மாதிரி.”

“இன்னொரு மெஷின் கேட்டேன்டா. இல்லைன்னுட்டாங்க. அதான் உள்ளயே போட்டேன்.”

“சரி, இதை யார்கிட்டயும் சொல்லாத. லைன் கட்டாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு. அது உன் தப்பு இல்ல.”

“ஒரு உயிர் போயிருக்கு விஷால். அவர் வீட்டுக்குப் போய் சொர்ணம் அக்கா கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லப் போறேன். அப்புறம் பஞ்சாயத்துலயும் சொல்லுவேன்.”

ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம் என்று நினைப்பவளிடம் சாமர்த்தியம் பேசி என்ன பயன்? விஷால் அவள் பின்னால் நடந்தான்.

தெருக்குழாயடியில் ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். “வந்துட்டா பாரு! மிசின வெச்சிகினு எங்க ஆம்பளைங்களயெல்லாம் சாவடிக்கப் பாத்தியேடி! எம் புருசனும் போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

ஜெஸ்ஸி தலை நிமிரவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

நீலமேகத்தின் உடலைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் அவருடைய இரண்டு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து கிடந்தார்கள். உள்ளே சுவரோரம் அவர் மனைவி சொர்ணம். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

ஜெஸ்ஸி அவள் காலைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, நான்தான் காரணம். காவலுக்கு வச்சதைத் தப்பான இடத்துல வச்சுட்டேன். பச்சையைப் பார்த்து அமைதின்னு படிச்சேன். என்னை ரெண்டு அடியாவது அடிங்க அக்கா.”

சொர்ணம் அடிக்கவில்லை. அவள் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள்.

“இத்த பஞ்சாயத்துல சொல்லுவியா பாப்பா?”

“சொல்றேன் அக்கா.”

“எம் பொண்ணுங்களாண்ட?”

“அவங்ககிட்டயும் சொல்றேன்.”

விஷாலுக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, லைன் கட்டானதுக்கு இவ என்ன பண்ணுவா? இப்படிச் சொன்னா வேலை போயிடும். போலீஸ் வரும். காலத்துக்கும் கொலைகாரின்னு பேரு நிக்கும். தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லுங்க.”

“தம்பி, நீ சித்த வெளிய இரு,” என்றாள் சொர்ணம்.

அவன் போனதும் எழுந்து கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து ஜெஸ்ஸியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்க முடியாமல், சத்தமும் போட முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

“நீ சொன்னாப்பலயே சொல்லு பாப்பா. உன் மிசினு தப்புன்னே இருக்கட்டும். அப்பன் நம்மள வோணாம்னு வுட்டுட்டுப் பூட்டான்னு எம் பொண்ணுங்களுக்குத் தெரியவே கூடாது. எங்க பையன் எழிலு போன வருசம் இதே கடல்லதான் செத்தான். நேத்து காத்து வந்ததும், ‘திரும்பிடலாம் வா அண்ணாத்த’ன்னு பக்கத்து கட்டுமரத்துல இருந்த மோசஸு அந்த மனுசன இட்டுகினு வரப் பாத்தானாம். ‘எழிலு தனியா கீறான்டா, நீ வூட்டுக்குப் போ’ன்னு சொல்லிட்டு மரத்தக் கெழக்கால, ஆழத்துப் பக்கமா திருப்பிகினு போனாராம்.”